கடைசிப் பந்தி

சென்ற ஆடி மாதம் நான் ஒரு சிறுகதை எழுதினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, இனி யாருடைய கட்டுரை நோட்டையும் திருத்த வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும், நாமே ஒன்றை எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியதில் வியப்பில்லை. கதை நடக்கும் இடம் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடு. காலைக் காப்பி தாமதமாக வந்தது என்பதில் தொடங்கிய மனத்தாங்கல், பெண் வீட்டார் தங்களை மதிக்கவில்லை என்ற பேச்சாக வளர்ந்து, மறுநாள் மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்தி வீட்டார் வருவார்களா மாட்டார்களா என்ற அளவுக்குப் போய்விடுகிறது. வீட்டு ஆச்சி விடியுமுன் எழுந்து சொதி வைக்கிறாள். வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இலை முன் உட்காருகிறார்கள். முதல் வாய்ச் சோறு உள்ளே போனதும் முகம் இளகுகிறது. இரண்டாம் முறை சொதி கேட்கும்போது சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். கதை அங்கே முடிகிறது.

எழுதி முடித்த அன்று எனக்கே கண் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். மதினி பெரிய வாசகி அல்லள். ஆனால் எங்கள் குடும்பத்தில் நடந்த விசேஷங்களில் பாதிக்கு மேல் பந்தி விசாரித்தவள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நல்லாத்தான் எழுதியிருக்க. எல்லாரும் சாப்பிட்டாச்சு, சிரிச்சாச்சு, சேந்தாச்சு. அந்த ஆச்சி எப்பம் சாப்பிட்டா?”

என்னிடம் பதில் இல்லை. கதையில் ஆச்சி பரிமாறிக்கொண்டே இருக்கிறாள்; கடைசி வரியில் வாசல் நிலையில் சாய்ந்து புன்னகைக்கிறாள். அவளுக்குப் பசித்ததா என்று எழுதியவளான நான் ஒரு முறைகூட நினைக்கவில்லை. கதையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு, சாப்பாடு மனிதர்களைச் சேர்த்து வைப்பதாகச் சொல்லும் எந்தக் கதையைப் படித்தாலும் மதினியின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கிறேன். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

சொதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது எவ்வளவு வேலை என்று தெரியாமல் மதினியின் கேள்வியின் கனம் தெரியாது. இலங்கையில் சொதி என்பது வேறு. எங்கள் ஊரில் அது கல்யாணத்துக்கு மறுநாள், பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தின் தலைமைக் குழம்பு. அன்று இலையில் சாம்பாருக்கு இடம் கிடையாது. நாற்பது இலைக்கு இருபது தேங்காய் துருவ வேண்டும். துருவலை ஆட்டுரலில் ஆட்டிப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே எடுத்து வைக்க வேண்டும். சிறுபருப்பை வாசம் வரும் வரை வறுத்து, குழையாமல் வேக வைக்க வேண்டும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், பச்சைப் பட்டாணி, உரித்த சின்ன உள்ளி, வெள்ளைப் பூண்டு ஆகியவற்றை மூன்றாம் பாலில் வேகவிட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்து, அது பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு பருப்பும் இரண்டாம் பாலும் சேர வேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றிவிட்டு, அடுப்பை விட்டு அங்கே இங்கே நகரக் கூடாது; ஓரத்தில் நுரை கூடி வரும் அந்த ஒரு நொடியில் இறக்கிவிட வேண்டும். கொதித்துவிட்டால் பால் திரிந்து, எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். நாற்பது பேர் முன்னால் மானம் போகும். எலுமிச்சம்பழச் சாற்றை இறக்கி வைத்துச் சூடு சற்றுத் தணிந்த பிறகே பிழிவார்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் தூள் சேர்ப்பதில்லை. சொதி சந்தன நிறத்தில் இருக்க வேண்டும் என்பது ஆச்சியின் சட்டம். தேங்காய்ப்பால் வயிற்றுக்கு மந்தம் என்பதால் இஞ்சிப் பச்சடி கட்டாயம். கூட உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும்.

விறகடுப்பின் முன்னால் இதைச் செய்பவளுக்கு, செய்து முடித்த உடனே சாப்பிடத் தோன்றாது. புகையும் தேங்காய்ப்பால் வாடையுமே வயிற்றை அடைத்துவிடும். சமைத்தவர்களுக்குத் தெரியும்; உண்டவர்களுக்குத் தெரியாது. உண்டவர்கள்தாம் பெரும்பாலும் கதை எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். நானும் அந்தக் கதையை உண்டவளாகத்தான் எழுதியிருக்கிறேன்.

விருந்துக் கதை என்றதும் உலக அளவில் பலருக்கும் நினைவுக்கு வருவது, டென்மார்க்கு எழுத்தாளர் ஐசக் டினேசன் 1950-இல் வெளியிட்ட ‘பாபெட்டின் விருந்து’. 1987-இல் படமாகவும் வந்தது. பாரிஸ் கலவரத்திலிருந்து தப்பி, நார்வேயின் வடகோடிக் கிராமம் ஒன்றில் இரு சகோதரிகளின் வீட்டில் சமையல்காரியாக ஒண்டிக்கொள்ளும் பாபெட், லாட்டரியில் கிடைத்த 10,000 பிராங்கையும் ஒரே ஒரு விருந்துக்குச் செலவிடுகிறாள். தங்களுக்குள் பழைய சச்சரவுகளோடு இருந்த ஊர்க்காரர்கள், உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்து அமர்கிறார்கள். விருந்து முடியும்போது பகைகள் கரைந்திருக்கின்றன. இந்தக் கதையை ‘உணவு இதயங்களை இணைக்கும்’ என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களுக்கு ஒன்று மறந்துவிடுகிறது: மேசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், அவர்களில் பாபெட் இல்லை. விருந்து முடிந்து சகோதரிகள் சமையலறைக்குள் போகும்போது, அவள் அழுக்குப் பாத்திரங்களுக்கு நடுவே களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காட்சி இல்லாமல் போயிருந்தால் என் கதைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது.

நம்மிடம் இதைவிடப் பழைய கதை உண்டு. மணிமேகலையை எழுதியவரை ‘மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்’ என்று குறிப்பிடுவார்கள். கூலம் என்றால் தானியம். அரிசி மூட்டைகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவர், எடுக்க எடுக்கக் குறையாத ஒரு பாத்திரத்தைக் காப்பியத்தின் நடுவில் வைத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். பள்ளியில் அமுதசுரபியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது மணிமேகலையையும், முதல் பிச்சை இட்ட ஆதிரையையும், யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வாடிய காயசண்டிகையையும் சொல்வோம். அந்தப் பாத்திரத்துக்கு மணிமேகலைக்கு முன்பே ஒரு சொந்தக்காரன் இருந்தான் என்பதைப் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுவோம். அவன் ஆபுத்திரன்.

தாய் கைவிட்டுப்போன குழந்தை. பசு பால் கொடுத்து வளர்த்ததால் அந்தப் பெயர். வேள்விக்குக் கட்டிவைத்திருந்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனதற்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் வந்து தங்குகிறான். வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறான். எடுத்த சோற்றைத் தான் உண்பதற்கு முன்னால், பார்வையற்றவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், யாருமில்லாதவர், நோயாளிகள் என எல்லாரையும் கூவி அழைத்து ஊட்டுகிறான். அவர்கள் உண்டு மிஞ்சியதைத் தான் தின்றுவிட்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துக்கொண்டு படுத்து உறங்குகிறான். சாத்தனார் இந்த இடத்தில் சொல்லை வீணாக்கவில்லை. மதினியின் கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதிலை வேறு எங்கும் நான் காணவில்லை: பரிமாறியவன் கடைசியில் சாப்பிட்டான், என்ன சாப்பிட்டான், எங்கே தலை வைத்துப் படுத்தான் என்பது வரை கணக்கு இருக்கிறது.

மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் பசியோடு வந்தவர்கள் அவனை எழுப்புகிறார்கள். கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவிக்கும்போதுதான் சிந்தாதேவி அமுதசுரபியைத் தருகிறாள். பிறகு இந்திரன் வருகிறான், வரம் கேள் என்கிறான், ஆபுத்திரன் சிரிக்கிறான், தேவர் தலைவனுக்குக் கோபம் வருகிறது. பழிவாங்க அவன் செய்தது என்ன தெரியுமா? வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டினான். விளைச்சல் பெருகிற்று, பசி ஒழிந்தது, அமுதசுரபி வேலையற்றுப் போயிற்று. ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய், ‘உண்ண வருபவர் உண்டோ’ என்று கேட்கிறான். மக்கள் எள்ளி நகையாடுகிறார்கள். ஊர் செழித்ததில் ஒருவன் மட்டும் தனித்துப் போகிறான். மகளுக்குக் கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போன பின்னர், நான்கு பேருக்குச் சமைத்துப் பழகிய கையால் ஒருவருக்கு மட்டும் உப்புப் போடத் தெரியாமல் திண்டாடிய ஓர் ஆண்டு எனக்கு உண்டு. ஆகவே இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு எட்டாவது வகுப்புப் பிள்ளைகளின் முகம் மறைந்து, என் வீட்டுச் சின்னச் சட்டிதான் தெரியும்.

சாவக நாட்டில் பஞ்சம் என்று மாலுமிகள் சொல்லக் கேட்டு ஆபுத்திரன் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை, அவன் ஏறிவிட்டதாக நினைத்து விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் ஊரையே ஊட்டக்கூடிய பாத்திரம். அவன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து உண்டிருந்தால் பிழைத்திருப்பான். பல உயிர்களைக் காக்க வேண்டிய பாத்திரம் தன் ஒருவன் உயிரைக் காப்பதைப் பொறுக்க முடியாது என்று சொல்லி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் விடுகிறான். தேவர் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனித்து உண்ணாதவர்களால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்று புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியதை அப்படியே எழுத்துப் பிசகாமல் வாழ்ந்து காட்டியவன் என்று இவனைச் சொல்லலாம். ஆனால் பாட்டில் உயர்ந்ததாகத் தோன்றுவது கதையில் வரும்போது தொண்டையை அடைக்கிறது.

மழை நள்ளிரவு என்றதும் பெரியபுராணத்து இளையான்குடி மாற நாயனார் நினைவுக்கு வருகிறார். செல்வம் எல்லாம் போன பிறகு, கொட்டும் மழையில் ஓர் அடியார் பசியோடு வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டில் அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லைத் திரும்ப வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தருகிறேன் என்று வழி சொல்பவர் மனைவியார்தாம். நாயனார் இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லை என்றதும் கூரைக் கழிகளை வெட்டித் தருகிறார். கறிக்கு ஒன்றுமில்லை என்றதும் குழிகளில் முளைத்திருந்த கீரையைப் பறித்துத் தருகிறார். ஈர நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கியதும், ஒரே கீரையை வெவ்வேறு கறிகளாக ஆக்கியதும் அந்த அம்மையாரின் கைத்திறன். எல்லாம் ஆயிற்று என்று போய் எழுப்பினால், அடியார் சோதியாக எழுந்து நிற்கிறார். பக்தியோடு படிப்பவர்கள் அங்கே கைகூப்புவார்கள், நானும் கூப்புவேன். இருந்தாலும் மதினி கெடுத்துவிட்டாள்: அவ்வளவு பாடுபட்டு ஆக்கிய அந்தச் சோற்றை யார் சாப்பிட்டார்கள்?

நம் காலத்துக்கு வந்தால், ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’. ‘அறம்’ தொகுப்பில் இருக்கிறது, 2011-இல் வந்தது. திருவனந்தபுரத்தில் சோற்றுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் யாரிடமும் காசு கேட்பதில்லை. ஒரு டப்பா வைத்திருக்கிறார், போட விரும்புகிறவர்கள் போடலாம். மாமன் வீட்டில் மாமி எண்ணி எண்ணிப் பரிமாறும் சோற்றைத் தின்று கூசிப்போன ஏழை மாணவன் ஒருவன், சாகிப்பின் கடையில் ஆண்டுக்கணக்கில் வயிறாரச் சாப்பிடுகிறான். வேலை கிடைத்த பின் சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து டப்பாவில் கொட்டுகிறான். டப்பா நிறைந்து, இன்னொரு டப்பாவும் கேட்கிறான். சாகிப் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வழக்கம்போல மீன் வைக்கிறார். இந்தக் கதையில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழுவதில்லை. சாகிப் அவனிடம் பேசுவதுகூட அரிது. அவர் ஒரு முறை திரும்பி அவனைப் பார்த்துப் புன்னகை செய்திருந்தாலும் கதை சற்று இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். என் கதையில் சம்பந்திகள் இருவரும் சிரித்த சிரிப்பு எவ்வளவு மலிவானது என்று எனக்குத் தெரிந்தது இதைத் திரும்பப் படித்தபோதுதான்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ வேறு திசையிலிருந்து வருகிறது. 1988-இல் வந்த தொகுப்புக்கும் அதே பெயர். ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம். சமையலறையைக் கைக்குள் வைத்திருப்பதுதான் பெண்ணின் பலம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட மாமியார். அங்கே சாப்பாடு குடும்பத்தைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. யாரை எதற்குள் வைத்துச் சேர்த்திருக்கிறது என்பதுதான் கதை. விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. படிக்காதவர்கள் படித்துக்கொள்ள வேண்டும். படித்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

பந்தி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பந்தி என்றால் வரிசை. வரிசை சேர்க்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். இதற்கு நான் வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அங்கே தமிழ்க் குருகுலம் நடத்தியவர் வ.வே.சு. ஐயர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். தேசபக்தியோடு தொடங்கிய அந்தக் குருகுலத்தில், பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்கி இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு கொடுத்தார்கள். 1924, 1925-ஆம் ஆண்டுகளில் அது பெரும் போராட்டமாகி, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்று, தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளக்கும் அளவுக்குப் போயிற்று. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மூழ்கி இறந்தார். குளத்தங்கரை அரசமரத்தைப் பேச வைத்த கதாசிரியரின் குருகுலத்தை இன்று ஊர் நினைவில் வைத்திருப்பது இரண்டு தட்டுகளுக்காக. ஒரே அடுப்பு, ஒரே அரிசி, ஒரே ஆற்றுத் தண்ணீர். உட்காரும் இடம் மட்டும் வேறு. சாப்பாட்டுக்குத் தானாகச் சேர்த்து வைக்கும் குணம் இருந்திருந்தால் அங்கே என்ன குறை?

சேர்த்து வைத்த சாப்பாடு என்று நான் சத்தியமாகச் சொல்லக்கூடியது கூட்டாஞ்சோறு ஒன்றுதான். அந்தப் பெயரில் எங்கள் ஊரில் ஒரு சமையலும் உண்டு. நான் சொல்வது சிறுவயதில் ஆளுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மூன்று கல் கூட்டி, தோப்பில் பொங்கிய கூட்டாஞ்சோற்றை. பாதி வெந்திருக்கும், பாதி அடிப்பிடித்திருக்கும். அதில் பரிமாறுகிறவர் என்று ஒருவர் கிடையாது. ஆகவே கடைசிப் பந்தியும் கிடையாது. உப்புக் கொண்டுவர வேண்டியவன் மறந்துவிட்டு வந்து அடி வாங்கியதும் உண்டு என்பதால், அதையும் மிகைப்படுத்தாமல் விடுகிறேன்.

இனி, அலமாரியில் கிடக்கும் என் கதைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கதை முழுக்கக் கற்பனை அன்று. எனக்கு ஒன்பது வயதில் சித்தியின் மறுவீட்டில் நடந்ததை, எனக்கு வசதியாக மாற்றித்தான் எழுதியிருந்தேன். நடந்தது வேறு.

முகூர்த்தச் சமையலைத் தவசிப்பிள்ளை பார்த்துக்கொண்டார். மறுவீட்டுச் சொதியை மட்டும் வேறு கையில் கொடுக்க ஆச்சிக்கு மனம் இல்லை. முதல் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் உட்கார்ந்தார். இலை போட்டுக்கொண்டு வந்தது பதினைந்து வயதான என் மாமா. இலைக்கட்டில் நுனி இலை தீர்ந்துவிட்டதை அறியாமல், பெரியப்பாவின் முன்னால் நடு ஏட்டைப் போட்டுவிட்டான். வாழையிலையில் சாப்பிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடது கைப் பக்கம் நுனி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் வெட்டிய துண்டு கிடந்தால், அது உட்கார்ந்திருப்பவரின் தகுதியைப் பற்றிய பேச்சு. அவர் ஒன்றும் பேசவில்லை. சோறு விழுந்த பிறகு, சொதி வாளி இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தபோது, எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இலையை விட்டு எழுந்து போனவரைக் கூப்பிட்டுத் திரும்ப உட்கார வைக்கும் வழி எங்கள் ஊரில் இல்லை. மீதிப் பேர் சாப்பிட்டார்கள். சொதி நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆச்சி அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. பின்வாசல் வழியாகக் கொல்லைக்குப் போய், குலை தள்ளாத வாழையில் நல்ல நுனி இலை ஒன்றை அவளே அறுத்து, துடைத்துச் சுருட்டினாள். தூக்குச்சட்டியில் சொதி, ஒரு பித்தளைச் சட்டியில் சோறு, மந்தார இலையில் இஞ்சிப் பச்சடி. கடைசியாக அரை எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து, “இத அங்க போய்ப் பிழிஞ்சுக்கிடச் சொல்லு, இங்க பிழிஞ்சா போற வழியில ருசி மாறிரும்” என்றாள். மன்னிக்கச் சொல், வரச் சொல் என்று எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கூட வந்த மாமா, பெரியப்பா தங்கியிருந்த அடுத்த தெரு வீட்டு முனை வரைக்கும் வந்து நின்றுகொண்டான். நான் மட்டும் உள்ளே போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சுருட்டிய இலையை வாங்கி விரித்துப் பார்த்தார். நுனியை விரலால் ஒரு முறை நீவினார். அதற்குள் அந்த வீட்டு அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு முறுக்குத் தந்ததால், அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். பந்தியெல்லாம் முடிந்து, வீடு ஓய்ந்து கிடந்தது. ஆச்சி தூக்குச்சட்டியை வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு கதலிப்பழம் இருந்தன. வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற முறையை அவர் மறக்கவில்லை. ஆச்சி சட்டியை வெளிச்சத்தில் சாய்த்து அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “கழுவிக் குடுத்திருக்காரு. கழுவாமக் குடுத்திருந்தா கோவம் முழுசாத் தீந்திருக்கும். பாதிதான் தீந்திருக்கு” என்றாள். அது சரியாகத்தான் இருந்தது. அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்க, சித்தியின் மூத்த மகனுக்குக் காது குத்தும் வரை ஆயிற்று.

அதன் பிறகுதான் ஆச்சி சாப்பிட உட்கார்ந்தாள். மதினியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்கிறது. கதை எழுதும்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடுவிலுள்ள நிலைப்படியின் உள்பக்கம், சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். உருளியின் அடியில் காய்களும் பருப்பும் தங்கியிருந்த சொதியை வழித்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள். அவள் முன்னால் இருந்தது, பெரியப்பா உண்ணாமல் எழுந்த பந்தியில் மிஞ்சிய நடு ஏடு ஒன்று.

மதினியிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “தேங்கா திருவி, பால் பிழிஞ்சு, அத்தன உருளியையும் விளக்குன பொம்பள எங்க இருந்து சாப்பிட்டா?” என்றாள்.

அதுவும் எனக்குத் தெரியும். நிலைப்படியின் வெளிப்பக்கம், கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். காலை நான்கு மணிக்கு வந்தவள். அவளும் ஆச்சியும் கதவு வழியாகப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். பேச்சு எதைப் பற்றி என்று நினைவில்லை, பெரியப்பாவின் கோபத்தைச் சொல்லி இருவரும் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. அவளுடைய வட்டிலை அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். இரண்டாம் முறை சொதி வேண்டும் என்று அவள் கேட்டபோது, ஆச்சி எச்சில் கையைக் கழுவி எழுந்து, அகப்பையில் மொண்டு, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அவள் வட்டிலில் ஊற்றினாள்.

கதையை இப்போது அங்கிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அகப்பைக்கும் வட்டிலுக்கும் நடுவே எவ்வளவு உயரம் இருந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். ஒரு முழம் இருக்கும்.